இயேசுவின் சாந்தத்தை அன்றாட வாழ்க்கையில் கற்றுக்கொள்வது எப்படி?

அடிச்சுவடு (தொடக்கப் பதிவு)

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம்.

"உம்மைப் போல என்னை மாற்றும்" என்று ஜெபிக்கிறோம், பாடுகிறோம். ஆனால் அந்த ஜெபம் இன்று மாலை வீட்டுக்குள் நுழையும்போது நம் பேச்சில் எப்படித் தெரிய வேண்டும் என்று ஒருவர் கேட்டால், அன்பு, பொறுமை, மன்னிப்பு என்று சில சொற்களை அடுக்கிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். அவற்றை எங்கே தொடங்கி, எப்படிப் பழகுவது என்று சேர்ந்து சிந்திப்பதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

என் கருத்தை முதலில் வைத்துவிடுகிறேன். இயேசு தம்மைக் குறித்துப் பல இடங்களில் பேசியிருக்கிறார். ஜீவ அப்பம் நானே என்றார், உலகத்திற்கு ஒளியாயிருக்கிறேன் என்றார், நானே நல்ல மேய்ப்பன் என்றார். ஆனால் தம் உள்ளத்தின் இயல்பு இன்னதென்று சொல்லி, அதை நம்மைக் கற்றுக்கொள்ளவும் அழைத்த இடம் மத்தேயு 11:29. "நான் சாந்தமும் மனத்தாழ்மையுமாய் இருக்கிறேன், என் நுகத்தை உங்கள்மேல் ஏற்றுக்கொண்டு, என்னிடத்தில் கற்றுக்கொள்ளுங்கள்" என்கிறார். அவரே பாடத்தைக் குறித்துக் கொடுத்துவிட்ட பிறகு, நாம் வேறு இடத்திலிருந்து தொடங்குவானேன்?

இந்த வசனத்தைத் தனியாக எடுத்துச் சட்டமிட்டு மாட்டிவிடுவதால், அது எந்தச் சூழ்நிலையில் சொல்லப்பட்டது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. அதே அதிகாரத்தைத் தொடக்கத்திலிருந்து வாசித்துப் பாருங்கள். அவருக்கு வழியை ஆயத்தம்பண்ணின யோவான் சிறையிலிருந்து, வருகிறவர் நீர்தானா, வேறொருவருக்காகக் காத்திருக்க வேண்டுமா என்று கேட்டனுப்புகிறார். ஊரார் இயேசுவைப் போஜனப்பிரியன் என்றும் மதுபானப்பிரியன் என்றும் ஏசுகிறார்கள். அவர் மிகுதியான அற்புதங்களைச் செய்த கோராசீன், பெத்சாயிதா, கப்பர்நகூம் ஆகிய மூன்று ஊர்களும் மனந்திரும்பவில்லை. நெருங்கினவரிடமிருந்து ஐயம், எதிரிகளிடமிருந்து அவதூறு, உழைத்த இடத்தில் பலனின்மை ஆகிய மூன்றும் ஒரே அதிகாரத்தில் வந்துவிடுகின்றன. அவற்றுக்குப் பிறகுதான் அவர் பிதாவைத் துதிக்கிறார், வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களை அழைக்கிறார், நான் சாந்தமுள்ளவன் என்கிறார். எல்லாம் நன்றாக நடந்துகொண்டிருந்த ஒரு நாளில் அவர் அதைச் சொல்லவில்லை. நம் சாந்தமோ பெரும்பாலும் தொல்லையில்லாத நேரத்துச் சாந்தம். தொல்லை வந்தவுடன் அது நம்மைவிட்டுப் போய்விடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லூக்கா 3:23-இன்படி அவர் ஊழியத்தைத் தொடங்கியபோது ஏறக்குறைய முப்பது வயதுள்ளவராயிருந்தார். வெளிப்படையான ஊழியம் ஏறக்குறைய மூன்று ஆண்டுகளே. அவர் சொந்த ஊரில் போதித்தபோது ஜனங்கள், "இவன் தச்சன் அல்லவா" என்று கேட்டதை மாற்கு எழுதி வைத்திருக்கிறார். அத்தனை ஆண்டுகள் கூடவே வாழ்ந்தவர்களுக்கு அவர் ஒரு தொழிலாளியாகவும், மரியாளின் மகனாகவும், உடன்பிறந்தோருக்குச் சகோதரனாகவும் மட்டுமே தெரிந்திருந்தார். அந்தக் காலத்தைப் பற்றி லூக்கா சொல்லும் முக்கியமான செய்தி, அவர் பெற்றோருக்குக் கீழ்ப்படிந்திருந்தார் என்பதும் ஞானத்திலும் தேவகிருபையிலும் விருத்தியடைந்தார் என்பதுமே. ஆகவே குடும்பம், தொழில், அண்டை அயல் என்னும் வட்டத்துக்குள் வாழ்கிறவருக்கு இயேசுவைப் பின்பற்ற வாய்ப்புக் குறைவு என்று எவரும் நினைக்க வேண்டியதில்லை. அவருடைய வாழ்நாளின் பெரும்பகுதியும் அந்த வட்டத்துக்குள்ளேயே கழிந்தது.

உங்கள் வாழ்க்கையில் இந்தப் பாடம் எந்த இடத்தில் கடினமாகிறது என்று எழுதுங்கள். பொதுவான அறிவுரைகளைக் காட்டிலும், குறிப்பிட்ட ஒரு சூழ்நிலையை முன்வைத்துப் பேசினால் எல்லாருக்கும் பயன்படும் என்று நினைக்கிறேன்.

விளக்குத்தண்டு

நல்ல தொடக்கம், சகோதரரே. எனக்குக் கடினமாவது இடையூறு வரும் நேரம்.

என் தாயாருக்கு மறதி நோய். என் தந்தை இறந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. ஆனாலும் பொழுது சாய்ந்தவுடன் அம்மா நான் வேலை செய்யும் அறையின் வாசலுக்கு வந்து, நிலைப்படியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "அப்பா இன்னும் வரவில்லையே, போய்ப் பார்த்துவிட்டு வருகிறாயா?" என்று கேட்பார். பதில் சொன்னவுடன் போய்விடுவார். சிறிது நேரத்தில் அதே கேள்வியோடு, அதே கவலை தோய்ந்த முகத்தோடு திரும்பி வருவார். கேட்கிற எனக்கு அது பழைய கேள்வி. அவருக்கோ ஒவ்வொரு முறையும் புதிய கலக்கம்.

இந்த நிலையில் எனக்கு மிகவும் துணையாக இருந்தது மாற்கு 5-ஆம் அதிகாரம். ஜெப ஆலயத் தலைவராகிய யவீருவின் மகள் மரணத்தறுவாயில் இருக்கிறாள். ஒரு நிமிடமும் வீணாகக் கூடாத பயணம் அது. வழியில், பன்னிரண்டு ஆண்டுகளாக நோயுற்றிருந்த ஒரு பெண் கூட்டத்துக்குள் நுழைந்து பின்னாலிருந்து அவருடைய வஸ்திரத்தைத் தொடுகிறாள். அப்பொழுதே குணமும் அடைந்துவிடுகிறாள். இயேசு அப்படியே நடந்து போயிருந்தாலும் அவள் சுகமாகவே வீடு திரும்பியிருப்பாள். ஆனால் அவர் நிற்கிறார், திரும்புகிறார், தொட்டது யார் என்று கேட்கிறார். சீஷர்களுக்கு அந்தக் கேள்வியே பொருத்தமற்றதாகத் தோன்றுகிறது. அவளோ நடுக்கத்தோடு வந்து விழுந்து, நடந்தது முழுவதையும் சொல்கிறாள். பன்னிரண்டு ஆண்டுகளின் கதை, வைத்தியர்கள் பலரிடம் பட்ட பாடு, கையிலிருந்தவை எல்லாம் செலவழிந்த வேதனை ஆகியவற்றைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்! அவ்வளவு நேரமும் யவீரு அருகிலேயே நின்றுகொண்டிருக்கிறார். அவள் சொல்லி முடிக்கும்வரை இயேசு கேட்கிறார்; பிறகு "மகளே" என்று அழைக்கிறார்.

இந்தப் பகுதியைப் பலமுறை வாசித்த பிறகு நான் ஒரே ஒரு காரியத்தைப் பழக்கமாக்கிக்கொண்டேன். அம்மா வாசலில் நிற்கும்போது திரையைப் பார்த்தபடி பதில் சொல்வதில்லை. கையிலிருப்பதை வைத்துவிட்டு, உடலை முழுவதும் அவர் பக்கம் திருப்பி, அவருடைய முகத்தைப் பார்த்த பிறகே வாயைத் திறக்கிறேன். முகத்தைத் திருப்பிவிட்டால் குரல் தானாகவே தணிகிறது. பொறுமையைக் கொடும் என்று பொதுவாக ஜெபித்துக்கொண்டிருந்த காலத்தில் எனக்குக் கிடைக்காத உதவி இது. இயேசு நின்றார், திரும்பினார், கேட்டார் என்ற மூன்று செயல்களையும் நான் செய்ய முடியும். அவற்றின் பின்னாலிருக்கும் இருதயத்தை அவர் தருவார் என்று நம்பிச் செய்கிறேன்.

பெரோயா வாசகி

சகோதரி எழுதியதை வாசித்து நெகிழ்ந்தேன். அதனால் சொல்லப்போவதைக் கவனமாகச் சொல்ல விரும்புகிறேன்.

இயேசுவைப் பின்பற்றுதல் என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்குள் ஓர் அச்சமும் எழும். முயற்சியுள்ளவர்களுக்கு அது பெருமையையும், தோற்றுப்போகிறவர்களுக்குக் குற்றவுணர்வையும் கொடுத்துவிடக்கூடும். 1990-களில், இயேசுவாக இருந்தால் இந்த இடத்தில் என்ன செய்வார் என்னும் கேள்வியின் முதலெழுத்துகள் பதித்த கைப்பட்டைகள் ஆங்கிலம் பேசும் நாடுகளின் கிறிஸ்தவ இளைஞர்களிடையே வெகுவாகப் பரவின. கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் அவர் என்ன செய்தார் என்பதை முதலில் அறியாமல், என்ன செய்வார் என்று ஊகித்தால், நமக்குப் பிடித்த பதிலையே அவர் வாயில் வைத்துவிடுவோம். அதைவிடப் பெரிய ஆபத்து, அவரை வெறும் முன்மாதிரியாக மட்டும் பார்ப்பது. 16-ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூத்தர் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்: கிறிஸ்துவை முதலில் தேவன் உனக்குக் கொடுத்த ஈவாக ஏற்றுக்கொள், அதன் பிறகே அவரை மாதிரியாகக் கொள் என்பது அவர் போதித்த வரிசை. வரிசை மாறினால் நற்செய்தி மறுபடியும் நாமே நிறைவேற்றித் தீரவேண்டிய நியாயப்பிரமாணமாகிவிடும்.

பேதுருவும் இவ்விரண்டையும் சேர்த்தே எழுதுகிறார். அவருடைய முதலாம் நிருபம் 2:21-இல், நாம் தம்முடைய அடிச்சுவடுகளைத் தொடர்ந்துவரும்படி கிறிஸ்து நமக்கு மாதிரியைப் பின்வைத்துப்போனார் என்கிறார். மூன்று வசனங்கள் கழித்து, நம்முடைய பாவங்களைத் தமது சரீரத்திலே சிலுவையின்மேல் சுமந்தார் என்கிறார். முதலாவதில் நாம் அவரைத் தொடர்ந்து நடக்க முடியும். இரண்டாவதில் அவர் தனியாகவே நடந்தார், யாராலும் தொடர முடியாது. எழுதினவர் யார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். மரணபரியந்தம் உம்மோடு வருவேன் என்று சொன்ன அந்த இரவிலேயே, அறியேன் என்று மூன்று தரம் மறுதலித்தவர் அவர். கடற்கரையில் கரிநெருப்பின் அருகே, மூன்று தரம் "என்னை நேசிக்கிறாயா" என்று கேட்கப்பட்டு, மீண்டும் ஊழியம் ஒப்புவிக்கப்பட்டவர். "நீ என்னைப் பின்பற்றிவா" என்ற கட்டளை அங்கே மன்னிப்புக்குப் பிறகே வந்தது.

ஆகவே கற்றுக்கொள்வோம், ஆனால் மன்னிக்கப்பட்டவர்களாகக் கற்றுக்கொள்வோம் என்பதே என் வேண்டுகோள்.

அடிச்சுவடு

முழுமனதோடு ஏற்றுக்கொள்கிறேன், சகோதரி. நான் எடுத்துக்காட்டிய வசனத்திலேயே அந்த வரிசை இருக்கிறது. "என்னிடத்தில் வாருங்கள்" என்பது முதலில். "கற்றுக்கொள்ளுங்கள்" என்பது அதற்குப் பிறகு.

வழிப்போக்கன்

நான் புதியவன். இந்த உரையாடலில் எனக்கு உண்மையாகவே ஒரு சிக்கல் இருக்கிறது.

நான் பணிபுரியும் இடத்தில், வேறொருவர் செய்த பிழைக்காக மேலதிகாரி என்னை எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டார். பிழை என்னுடையதல்ல என்பதற்குச் சான்றும் என்னிடம் இருந்தது. நான் ஒன்றும் பேசவில்லை. கிறிஸ்தவன் என்ற முறையில் அதுதான் சரி என்று நினைத்தேன். ஆனால் அன்றிரவு முழுவதும் உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அந்த அதிகாரியின் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. வெளியே மௌனம், உள்ளே வெறுப்பு என்றால் அதைச் சாந்தம் என்று சொல்லலாமா? பேசியிருந்தால் அது சாந்தத்துக்கு விரோதமாகியிருக்குமா? இயேசு வாய்திறவாத ஆட்டைப் போல் இருந்தார் என்றல்லவா நமக்குப் போதிக்கிறார்கள்?

அடிச்சுவடு

வருக, சகோதரரே. இந்த இழையில் நான் மிகவும் எதிர்பார்த்த கேள்வி இதுவே. சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

யோவான் 18-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். இயேசுவைக் கட்டி, முன்னாள் பிரதான ஆசாரியனாகிய அன்னாவிடம் கொண்டுபோகிறார்கள். சீஷரைக் குறித்தும் போதகத்தைக் குறித்தும் விசாரிக்கிறார்கள். நான் வெளியரங்கமாகவே பேசினேன், கேட்டவர்களை விசாரித்துப் பாரும் என்று இயேசு சொல்கிறார். பக்கத்தில் நின்ற சேவகரில் ஒருவன், பிரதான ஆசாரியனுக்கு இப்படியா பதில் சொல்லுகிறது என்று அவரை அறைகிறான். கைகள் கட்டப்பட்டிருக்கின்றன; இரவு நேரம்; அவருக்காகப் பேச அங்கே ஒருவரும் இல்லை. அப்போது அவர் சொன்ன பதில் இது: "நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால், தகாததை ஒப்புவி, நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்?"

இந்தப் பதிலை நிதானமாகப் பாருங்கள். அவர் மௌனமாக இருக்கவில்லை. அநீதியை அநீதி என்றே சுட்டிக்காட்டுகிறார். அதே நேரத்தில் அந்தச் சேவகனை இழிவுபடுத்தும் ஒரு சொல்லும் இதில் இல்லை, மிரட்டலும் இல்லை. தவறு இருந்தால் காட்டு என்று சான்றைக் கேட்கிறார். ஏன் என்ற கேள்வியைக் கேட்பதன் மூலம் அடித்தவனுக்கும் தன் செயலை எண்ணிப் பார்க்க ஓர் இடத்தை விட்டுவைக்கிறார். அடித்தவனையும் மனச்சாட்சியுள்ள மனிதனாக நடத்துகிறார்.

இதோடு அப்போஸ்தலர் 23-ஆம் அதிகாரத்தைச் சேர்த்து வாசித்தால் வேறுபாடு நன்றாகத் தெரியும். பவுலும் ஆலோசனைச் சங்கத்தின் முன் நிற்கிறார். பிரதான ஆசாரியன் அனனியா அவரை வாயில் அடிக்கக் கட்டளையிடுகிறான். பவுல் உடனே, "வெள்ளையடிக்கப்பட்ட சுவரே, தேவன் உம்மை அடிப்பார்" என்கிறார். அவர் சுட்டிக்காட்டிய அநீதி உண்மையானதே. ஆனால் அடிக்கக் கட்டளையிட்டவன் பிரதான ஆசாரியன் என்று அறிந்தவுடன், ஜனத்தின் அதிபதியைத் தீது சொல்லக் கூடாது என்ற வேதவாக்கியத்தை எடுத்துச் சொல்லித் தம்மைத் திருத்திக்கொள்கிறார். பவுலைக் குறைத்துப் பேச இதை எழுதவில்லை. அவ்வளவு பெரிய ஊழியருக்கும் அடி விழுந்த கணத்தில் அடக்கம் எளிதாயிருக்கவில்லை என்பதும், உடனே திரும்பிவர அவருக்குத் தெரிந்திருந்தது என்பதும் நமக்கு ஆறுதல்.

இயேசு மௌனமாக இருந்த இடங்களும் உண்டு. பொய்ச்சாட்சிகள் எழும்பியபோது பேசவில்லை. வேடிக்கையாக ஓர் அற்புதத்தைப் பார்க்க விரும்பிய ஏரோதுக்கு ஒரு வார்த்தையும் பதில் சொல்லவில்லை. ஆனால் பிலாத்து கேட்டபோது சத்தியத்தைக் குறித்துப் பேசினார். பேசினபோதும் பேசாதபோதும் அவருக்குள் இருந்தது ஒன்றே என்று பேதுரு சொல்கிறார்: நியாயமாய்த் தீர்ப்புச்செய்கிறவருக்குத் தம்மை ஒப்புவித்திருந்தார். தீர்ப்பைப் பிதாவின் கையில் கொடுத்துவிட்டவர் பேசினாலும் அது பழிவாங்குதல் ஆகாது, மௌனமாக இருந்தாலும் அது வன்மமாகத் தேங்காது. நீங்கள் இரவெல்லாம் கொதித்தீர்கள் என்றால், வாய் மூடியிருந்தது, வழக்கு மட்டும் உள்ளே நடந்துகொண்டிருந்தது என்றே பொருள் கொள்கிறேன்.

நடைமுறையில் நான் பரிந்துரைப்பது இதுதான். இப்போதும் காலம் கடந்துவிடவில்லை. அந்த அதிகாரியைத் தனியாகச் சந்திக்க நேரம் கேளுங்கள். "அன்று நீங்கள் குறிப்பிட்ட பிழையை நான் செய்யவில்லை; அதற்கான பதிவு இது; பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்று சொல்லுங்கள். உண்மையில் பிழை செய்தவரின் பெயரை, அவர் கேட்காமல் நீங்களாகச் சொல்ல வேண்டாம். எல்லார் முன்னிலையிலும் கடிந்தது வருத்தமாக இருந்தது என்பதையும் சொல்லலாம், அது உண்மைதானே. சந்திக்கப் போவதற்கு முன்னால், அவர் ஏற்றுக்கொண்டாலும் ஏற்றுக்கொள்ளாவிட்டாலும் என் நியாயம் தேவனிடத்தில் இருக்கிறது என்று ஜெபித்து ஒப்புவித்துவிட்டுப் போங்கள். அந்த ஜெபம் உண்மையாக நடந்ததா என்பது அவர் மறுக்கும்போது உங்கள் குரலில் தெரிந்துவிடும்.

திராட்சைக்கொடி

இதுவரை எழுதியவர்கள் யாரும் தொடாத ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். இதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடிந்துவிட்டால், காயப்பட்டவர்கள்மேல் இன்னும் பாரம் ஏறிவிடும்.

நான் ஒரு சபையில் பெண்களுக்கு ஆலோசனை கூறும் பணியில் இருக்கிறேன். கணவனிடம் அடிபட்டு வருகிற பெண்ணிடம், இயேசு அடிக்கப்பட்டும் சகித்தாரே, நீயும் சிலுவையைச் சுமந்துகொள் என்று சொல்லித் திருப்பி அனுப்பும் விசுவாசிகளைக் கண்டிருக்கிறேன். சொல்கிறவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. ஆனால் அது இயேசுவின் வாழ்க்கையில் பாதியை மறைத்துவிட்டு மறுபாதியைக் கட்டளையாக்குவது.

நாசரேத்து ஊரார் அவரை மலையின் செங்குத்திலிருந்து தள்ளிவிடக் கொண்டுபோனபோது, அவர்கள் நடுவிலிருந்து கடந்து போய்விட்டார். தேவாலயத்தில் கல்லெறிய முயன்றபோது மறைந்து வெளியேறினார். பிடிக்கத் தேடியபோது அவர்கள் கைக்குத் தப்பிப்போனார். யூதர் கொலைசெய்யத் தேடியதால் யூதேயாவில் சஞ்சரிக்க மனதில்லாதிருந்தார் என்று யோவான் 7:1 வெளிப்படையாகவே சொல்கிறது. தம் சீஷர்களுக்கும், ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறுபட்டணத்திற்கு ஓடிப்போங்கள் என்று கட்டளையிட்டார். சிலுவைக்கு அவர் போனது வேளை வந்தபோது, தாமாகவே, "ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான்" என்று அறிவித்துவிட்டு, உலகத்தின் பாவத்தைச் சுமக்கப் போனது. ஒருவனுடைய குடிவெறியையும் முரட்டுத்தனத்தையும் ஒரு பெண்ணின் உடல்மேல் ஏற்றிவைத்துவிட்டு அதற்குச் சிலுவை என்று பெயரிட நமக்கு எந்த அதிகாரமும் இல்லை.

அடிச்சுவடுகளைத் தொடர்வதைப் பற்றிய அந்த வசனங்களைப் பேதுரு எழுதியது வேலைக்காரருக்கு. அந்த வார்த்தை அங்கே அடிமைகளைக் குறிக்கிறது. எஜமானை விட்டுப் போகவோ நீதி கேட்கவோ பெரும்பாலும் வழியற்றிருந்தவர்களுக்கு அவர் ஆறுதல் எழுதினார். வழி இருந்தபோது அப்போஸ்தலர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். தமஸ்குவில் பவுலைக் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கிவிட்டார்கள். வாரினால் அடிக்கக் கட்டியபோது, ரோமக் குடிமகனை விசாரணையின்றி அடிப்பது சட்டத்துக்கு உட்பட்டதா என்று அவர் கேட்டார், அடி விழவில்லை.

ஆகவே அச்சத்தோடு வாழும் எவரும் இதை வாசித்தால், பாதுகாப்பான இடத்துக்குப் போவதும், சட்டத்தின் உதவியை நாடுவதும், நம்பத்தக்க ஒருவரிடம் நடந்ததைச் சொல்வதும் கிறிஸ்துவின் சாந்தத்துக்கு விரோதமல்ல. அவர்களிடம் கிறிஸ்துவைப் போல் நடந்துகொள்ள வேண்டிய முதல் பொறுப்பு சபைக்கு இருக்கிறது. அவர்களுக்குச் சாந்தத்தைப் போதிப்பதற்கு முன்னால், அடிக்கிறவனிடம் "என்னை ஏன் அடிக்கிறாய்" என்ற அந்தக் கேள்வியை அவர்கள் சார்பில் நாம் கேட்க வேண்டும்.

பெரோயா வாசகி

ஆமென். இதைத் தெளிவாகச் சொன்னதற்கு மிக்க நன்றி, சகோதரி.

இதன் மறுபக்கத்தையும் குறித்துவிடுகிறேன். தம் முன்கோபத்தை நியாயப்படுத்த, இயேசுவும் சவுக்கை எடுத்தாரே என்று சிலர் சொல்வதுண்டு. மாற்கு 11:11-ஐக் கவனித்தால் அந்த நியாயம் நிற்காது. எருசலேமுக்குள் வந்த அன்று மாலையில் அவர் தேவாலயத்துக்குள் போய் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார். பொழுதாகிவிட்டபடியால் பன்னிருவரோடு பெத்தானியாவுக்குப் போய்விட்டார். விற்கிறவர்களையும் கொள்ளுகிறவர்களையும் துரத்தியது மறுநாள். ஓர் இரவு இடையில் இருந்திருக்கிறது. நாம் கோபப்படும்போது பார்ப்பதற்கும் கத்துவதற்கும் நடுவில் ஒரு மூச்சு விடும் நேரமும் இருப்பதில்லை. அதோடு, அங்கே பறிபோயிருந்தது அவருடைய சொந்த மதிப்பு அன்று. எல்லா ஜனங்களும் ஜெபிக்க வேண்டிய இடம். மாற்கு 3:5-இலும் அவர் கோபத்துடனே சுற்றிலும் பார்த்தார் என்று சொல்லும் அதே வசனம், அவர்களுடைய இருதயகடினத்தினிமித்தம் விசனப்பட்டார் என்றும் சொல்கிறது. எதிரிலிருப்பவருக்காக வருந்தவும் செய்கிற கோபம் நம்மிடம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலான வீட்டுச் சண்டைகளுக்கு அந்தச் சவுக்கைத் துணைக்கு அழைக்க மாட்டோம்.

வழிப்போக்கன்

எல்லாருக்கும் நன்றி. அடிச்சுவடு ஐயா சொன்னபடி அந்த அதிகாரியிடம் பேச நேரம் கேட்டிருக்கிறேன். முடிவு என்னவானாலும், இப்போது கேட்கப்போவது பழைய கொதிப்போடு அல்ல என்பதே எனக்கு விடுதலையாக இருக்கிறது.

இன்னும் ஒரு கேள்வி. இவ்வளவும் தெரிந்தாலும், அந்தந்த நேரத்தில் நினைவுக்கு வருவதில்லையே? காலையில் வேதம் வாசிக்கிறேன். முற்பகலுக்குள் எல்லாம் மறந்துபோகிறது.

விளக்குத்தண்டு

இதற்கு நான் 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கர்மேல் மடமொன்றில் வாழ்ந்த லாரன்ஸ் என்ற சகோதரரை நினைத்துக்கொள்வேன். போர்வீரராக இருந்து காயப்பட்டவர். மடத்தில் அவருக்குக் கொடுக்கப்பட்டது சமையற்கட்டு வேலை. அவருக்கோ அந்த வேலை இயல்பாகவே பிடிக்காது. ஆனாலும் பாத்திரங்களின் சத்தத்துக்கும் ஆளாளுக்குக் கேட்கும் கூச்சலுக்கும் நடுவிலேயே தேவனோடு பேசிக்கொண்டிருக்கப் பழகினார். நினைவு தவறிப்போனால் அதற்காகத் தம்மை வதைத்துக்கொள்ளாமல், தவறை அறிக்கையிட்டுவிட்டு அமைதியாக மீண்டும் தொடங்குவார். நமக்கு வேண்டியது பெரும்பாலும் அந்த மறுதொடக்கமே. மறந்துவிட்டோமே என்று அரைநாளைச் சோர்விலே கழிப்பதும் நம்மைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பதில் ஒரு வகை.

எனக்குப் பயன்பட்ட ஒன்றையும் சொல்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம் என்று வாசிக்காமல், ஒரே நிகழ்ச்சியை ஒரு வாரம் முழுவதும் வாசிக்கிறேன். வாரத்தின் தொடக்கத்தில் இயேசு என்ன சொன்னார் என்று மட்டும் பார்ப்பேன். போகப்போக அவர் யாரைப் பார்த்தார், எப்போது நின்றார், எதற்குப் பதில் சொல்லாமல் விட்டார் என்பவை கண்ணில் படத் தொடங்கும். வாரக் கடைசியில் அந்த நிகழ்ச்சி மனத்துக்குள் தங்கிவிடும். தேவைப்படும்போது நான் தேடிப்போகாமலே வந்து நிற்கும்.

திராட்சைக்கொடி

அதோடு, தனியாகப் பழக வேண்டாம். உங்களைத் தினமும் பார்க்கிற ஒருவரிடம், "நான் எந்த நேரத்தில் கடுமையாகப் பேசுகிறேன்?" என்று கேளுங்கள். கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளை, உடன் பணிபுரிபவர் யாராக இருந்தாலும் சரி. பதில் வரும்போது விளக்கம் சொல்லாமல் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கேயே பாடம் தொடங்கிவிடும். நம் குணத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததைக் காட்டிலும் நம்மோடு வாழ்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அடிச்சுவடு

இரண்டு ஆலோசனைகளும் அருமையானவை. திராட்சைக்கொடி சகோதரி சொன்னதைத் தொட்டு இன்னும் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்.

"கிறிஸ்து இயேசுவிலிருந்த சிந்தையே உங்களிலும் இருக்கக்கடவது" என்ற பிலிப்பியர் 2:5-ஐ நாம் கிறிஸ்துவின் தாழ்மையைப் பற்றிய உயர்ந்த உபதேசமாக வாசிக்கிறோம், அது சரியே. ஆனால் அதே நிருபத்தின் நான்காம் அதிகாரத்துக்கு வந்தால், எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்கள் பெயரோடு குறிப்பிடப்பட்டு, கர்த்தருக்குள் ஒரே சிந்தையாயிருக்கும்படி புத்திசொல்லப்படுகிறார்கள். இருவரும் பவுலோடு கூட நற்செய்திக்காக உழைத்தவர்கள்; எப்படியோ ஒருவரோடொருவர் மனம் ஒவ்வாமல் போய்விட்டார்கள். தேவனுடைய ரூபமாயிருந்தவர் தம்மைத் தாமே வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்து, சிலுவையின் மரணபரியந்தம் கீழ்ப்படிந்தார் என்ற அந்த மகா பெரிய சத்தியத்தைப் பவுல் எழுதியபோது, இவர்களின் மனத்தாங்கலும் அவர் நினைவில் இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. இருவரில் யார்பக்கம் நியாயம் என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. இருவரையும் தனித்தனியே பெயர்சொல்லி வேண்டிக்கொள்கிறார், அருகிலிருக்கும் ஒருவரை அவர்களுக்கு உதவும்படியும் கேட்கிறார்.

ஆகவே இதை வாசிக்கிற ஒவ்வொருவரும், யாரோடு பேச்சு நின்றுபோயிருக்கிறதோ அந்த ஒருவரின் பெயரை மனத்தில் வைத்துக்கொண்டு பிலிப்பியர் 2:1-11-ஐ வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மேலே சகோதரி எழுதியதுபோல், ஆபத்து விளைவிக்கிறவர்களை இதில் சேர்க்க வேண்டாம். சாதாரண மனத்தாங்கலைப் பற்றியே சொல்கிறேன்.

விளக்குத்தண்டு சகோதரி கூறிய முறையில், வரும் வாரத்துக்கு லூக்கா 7:36-50-ஐ எடுத்துக்கொள்ளலாமா? பரிசேயனாகிய சீமோன் வீட்டு விருந்து. அழுதுகொண்டிருக்கும் பெண்ணைப் பற்றிச் சீமோன் மனத்துக்குள் முடிவு செய்துவிட்டிருக்கிறான். இயேசு அவள் பக்கமாகத் திரும்பிக்கொண்டு, சீமோனிடம், "இந்த ஸ்திரீயைப் பார்க்கிறாயே" என்கிறார். அவளைத் தாங்கிப் பேசும்போதும், விருந்துக்கு அழைத்தவனைப் பெயர்சொல்லி அழைத்து, உனக்கு ஒரு காரியம் சொல்லவேண்டும் என்று அனுமதி கேட்பதுபோல் ஆரம்பிப்பதை முதல் வாசிப்பிலேயே குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கண்ணில் பட்டதை வார இறுதியில் இங்கே எழுதுங்கள். வழிப்போக்கன் சகோதரர் தம் சந்திப்பு எப்படி நடந்தது என்பதையும் எழுதினால், அவருக்காக ஜெபிக்கிற எங்களுக்கு உதவியாக இருக்கும்.